பாய்மரப் படகில் சமைக்க எந்த பார்பெக்யூ அடுப்பு வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் ஒருவர் 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். வார இறுதியில் எங்காவது நங்கூரம் போட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து மீன் சுட்டுச் சாப்பிட ஆசை. கேஸ் நல்லதா கரி நல்லதா, எந்த கம்பெனி வாங்கலாம் என்கிறார்.

நானும் அதே ஊர், அதே ஆசை. 31 அடிப் படகில் எட்டுக் கோடையாக ஹௌராகி வளைகுடாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று அடுப்பு வாங்கினேன். முதல் இரண்டும் தண்டச் செலவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். கடைக்குப் போகுமுன் படகுக்குப் போய்ப் பின்பக்கம் நின்று பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் வளைந்து வரும் எஃகுக் கம்பிக்கு புஷ்பிட் என்று பெயர். அடுப்பு அந்தக் கம்பியில், படகுக்கு வெளியே, கடலுக்கு மேலே தொங்க வேண்டும். அங்கே இடமிருக்கிறதா? உயிர்காப்பு மிதவை, வெளி இன்ஜின், ஏணி, சோலார் பலகை எல்லாமே அந்தக் கொஞ்சம் கம்பிக்குத்தான் அடித்துக்கொள்ளும். எங்கள் படகில் வெளி இன்ஜினை மறுபக்கம் மாற்றிய பிறகுதான் அடுப்புக்கு ஒரு மூலை கிடைத்தது. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் அடுப்பை வைக்கிற ஆள் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன்.

வெளியேதான் தொங்க வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறேன்? வீட்டில் கேஸ் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். படகு என்பது ஒரு கிண்ணம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. காக்பிட்டில், அதாவது பின்பக்கம் நாம் உட்காரும் திறந்த குழியில், கசிந்த கேஸ் தண்ணீர் மாதிரி படிக்கட்டில் வழிந்து உள்ளே போகும், தரைப்பலகைக்கு அடியில் பில்ஜ் என்கிற பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பில்ஜில் தண்ணீர் இறைக்கும் பம்ப் இருக்கிறது, அதற்கொரு மின்சார சுவிட்ச் இருக்கிறது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் சமையல் அடுப்பில் தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் வால்வு இருக்கும். பல பார்பெக்யூக்களில் அது கிடையாது. திறந்த வெளியில் வைத்துச் சமைப்பதற்காகச் செய்தவை அவை. நீங்கள் வெங்காயம் எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒரு காற்று வந்து அணைத்துவிட்டால், கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அடுப்பு வெளியே தொங்கினால் அது கடல்மேல் இறங்கிக் கலைந்துவிடும். காக்பிட் மேசையில் வைத்திருந்தால் எங்கே போகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்தது காற்று. நங்கூரம் போட்ட படகு மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிற்கும். எனவே பின்பக்கம் கட்டிய அடுப்பின் புகை, பொறி, வாசனை எல்லாம் படகைத் தொடாமல் பின்னால் போய்விடும். பின்கம்பியில் மாட்டச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். ஆனால் எப்போதும் இப்படி நடக்காது. வைஹெக்கி தீவுக்குத் தெற்கே ஒருநாள் சாயங்காலம் காற்று லேசாக வடக்கிலிருந்து, நீரோட்டம் நல்ல வேகத்தில் தெற்கிலிருந்து. அடியில் பெரிய கீல் (தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான தகடு) உள்ள படகு, காற்றைவிட நீரோட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டது. கோழித்துண்டுகளை அடுப்பில் போட்டு அரைமணிகூட ஆகவில்லை, படகு மெல்லத் திரும்பிவிட்டது. மிளகாய்த்தூள் தீய்ந்த புகை நேராக எங்கள் முகத்துக்கு. என் மாமியார் இருமிக்கொண்டே, "மாப்பிள்ளை, இதுக்கு வீட்லயே செஞ்சிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன் நீரோட்ட அட்டவணையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. காக்பிட்டுக்கு மேலே துணிப்பந்தல் இருந்தால் அதையும் சுருட்டிவையுங்கள். பாய்த்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். ஒரு பொறி பட்டால் ஓட்டை, ஓட்டைக்குத் தைக்கிற கூலி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும். கவாவ் தீவில் மேன்ஷன் ஹவுஸ் விரிகுடாவில் நின்றிருந்தோம். ஆட்டுக்கறி சாப்ஸ், நல்ல கொழுப்பு. அடுப்பு கம்பியில் ஒழுங்காகத்தான் தொங்கியது. அதற்கு நேர் கீழே, கரைக்குப் போய்வரும் குட்டிப் படகான ரப்பர் டிங்கியைக் கட்டிப் போட்டிருந்தேன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். எண்ணெய் ஏந்தும் தட்டு நிரம்பி, சுடுகொழுப்பு டிங்கி மேல் சொட்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு பக்கக் குழாய் முழுக்கக் காற்றிறங்கி, மழையில் நனைந்த பாய்போலத் துவண்டு கிடக்கிறது. தீக்குச்சித் தலை அளவு ஓட்டை. நல்லவேளை, டிங்கியில் காற்றறைகள் தனித்தனி. மற்ற அறைகள் தாங்கின, சாய்ந்தபடியே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய்வந்தோம். ஆகவே எண்ணெய்த் தட்டு ஆழமாக இருக்கிறதா, சமைக்கும்போதே இழுத்துக் கொட்ட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். டிங்கியைப் படகின் பக்கவாட்டில் கட்டுங்கள். வழித்த கொழுப்பை டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கடலில் கொட்ட வேண்டாம்.

இப்போது அடுப்பு.

முதல் அடுப்பை ஒரு வன்பொருள் கடையில் மலிவாக வாங்கினேன். பெட்டியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த கோடைக்குள் பர்னர் முழுக்கத் துரு. துருச்செதில் ஓட்டைகளை அடைத்து, நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்து கரி கக்கியது. ஸ்டெயின்லெஸ்ஸில் பல ரகம். படகுக்கு நீங்கள் தேட வேண்டியது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்புக்காற்று அரிக்காமல் காப்பது அதுதான். 304-ல் அது இல்லை. உடம்பு முழுக்கத் தேநீர்க்கறை மாதிரி பழுப்புப் படியும், ஆனால் தேய்த்துக் கழுவினால் பல வருடம் ஓட்டலாம். 430 வேண்டவே வேண்டாம். கடைக்குப் போகும்போது குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். 430-ல் கெட்டியாக ஒட்டும். 304, 316 இரண்டிலும் ஒட்டாது, வளைத்த மூலைகளில் மட்டும் லேசாக இழுக்கும். 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது, அதற்குக் கடைக்காரர் எழுத்தில் தரும் விவரத்தைத்தான் நம்ப வேண்டும். மூடியைத் திறந்து பர்னரிலும் திருகாணிகளிலும் காந்தத்தை வையுங்கள். வெளித்தகட்டை நல்லதாகப் போட்டுவிட்டு உள்ளே மலிவுச் சரக்கை வைப்பதுதான் நடக்கிறது.

வெபர் பேபி கியூவைப் படகில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வார்ப்பு அலுமினிய உடம்பு, மூடியை மூடினால் சூடு நன்றாக நிற்கும், ருசியில் குறை சொல்ல முடியாது. என் இரண்டாவது அடுப்பு அந்த வடிவத்தில் வந்த வேறொன்று. வீட்டுத் தோட்டத்துக்கு அருமை. படகில், அலுமினியத்தில் இறுக்கிய எஃகுத் திருகாணிகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்து இறுகிப்போனது. வார்ப்பிரும்புத் தட்டின் எனாமல் பெயர்ந்த இடமெல்லாம் துரு. தவிர பத்துப் பன்னிரண்டு கிலோவைக் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டால் அந்த எடை முழுக்கக் கம்பியின் காலடித் திருகுகளில் இறங்கும். அங்கே மழைத்தண்ணீர் கசியத் தொடங்கினால் அடியிலிருக்கும் படுக்கை நனையும். கம்பியை இரண்டு இடத்தில் கவ்விப் பிடிக்கும் தாங்கி இல்லாமல் எந்த அடுப்பையும் தொங்கவிடாதீர்கள்.

படகுக்கென்றே செய்பவை என்றால் இரண்டு வடிவம். அமெரிக்க மாக்மா கம்பெனியின் வட்டமான கெட்டில் வடிவ அடுப்பு ஒன்று: சின்னது, இலேசானது, காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று இந்தப் பக்கக் கடைகளில் அதிகம் தென்படும் பெட்டி வடிவம், காலிமேட், சிஸ்லர் போன்றவை. நான் இப்போது வைத்திருப்பது பெட்டி வடிவம்தான். காரணம் சுத்தமாக நம் சாப்பாடு சம்பந்தப்பட்டது: அதில் பாதிக்குக் கம்பி வலை, பாதிக்குத் தட்டையான கல் போட முடியும். வெள்ளைக்கார நண்பர்களுக்கு வலை போதும். நமக்குக் கல் வேண்டும். மசாலா தடவிய மீன் வலையில் ஒட்டிக்கொண்டு தோல் அங்கேயும் சதை இங்கேயுமாக வரும். கல்லில் எண்ணெய் விட்டுப் போட்டால் முறுகலாகத் திரும்பும். காலையில் அதே கல்லில் தோசை. படகு ஆடினால் மாவு ஒரு பக்கமாக ஓடி, நியூசிலாந்து வரைபடம் மாதிரி ஒரு தோசை வரும், பரவாயில்லை. கேபினுக்குள் கடுகு தாளித்தாலே மெத்தை உறைகளில் வாசனை பத்து நாள் நிற்கும் என்பது படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். மீன் வறுவலைச் சொல்லவே வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. இந்தப் பக்கக் கடலில் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஸ்னாப்பர் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். (நம்மூர் சங்கராவை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது வேறு குடும்பம், ஆனால் மசாலாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.) ஆக நீங்கள் பிடித்துச் சமைக்கும் ஸ்னாப்பர் எதுவுமே 30 சென்டிமீட்டருக்குக் குறையாது. குறுக்குவாட்டில் அவ்வளவு நீளம்கூட இல்லாத அடுப்பை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் தலையை வெட்ட வேண்டிவரும். தலை போனால் அப்புறம் என்ன மீன் அது.

கேஸ் எங்கிருந்து வரும் என்பதை வாங்குமுன்பே முடிவு செய்யுங்கள். சின்ன பர்னர் ஒன்று 2.5 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், முழுத்தீயில் மணிக்குக் கிட்டத்தட்ட 180 கிராம் குடிக்கும். 450 கிராம் டப்பா இரண்டரை மணி நேரம் வரும், வாரக்கடைசிக்குத் தாராளம். பியூட்டேன் மட்டும் உள்ள மெல்லிய டப்பாக்கள் மலிவு. ஆனால் பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் டப்பாவின் மேல் பனி பூத்து, தீ மினுக் மினுக்கென்று வரும்போது அது புரியும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும், கலவை டப்பாவாவது வாங்குங்கள். மிச்சமான டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். சிலிண்டருக்கென்று இருக்கும் கேஸ் லாக்கரில், அதாவது கேபினோடு தொடர்பில்லாமல், அடியில் கடலுக்குத் திறக்கும் ஓட்டை உள்ள பெட்டியில் வையுங்கள்.

படகின் பெரிய சிலிண்டரிலிருந்தே ஒரு குழாய் இழுத்துவிடலாமே என்று தோன்றும். முடியும், ஆனால் உரிமம் பெற்ற கேஸ்ஃபிட்டர்தான் செய்ய வேண்டும். ஒரு சிக்கலும் உண்டு. படகுக்குள் ரெகுலேட்டரைத் தாண்டி வருவது 2.75 கிலோபாஸ்கல் குறைந்த அழுத்தம். டப்பாவில் ஓடும் அடுப்புகள் பல, அதிக அழுத்தத்துக்கு ஏற்ற ஜெட் (கேஸ் வெளிவரும் சின்னத் துளை) உள்ளவை. அப்படியே மாட்டினால் தீ எழும்பாது. வாங்கும்போதே இரண்டில் எது என்று கேளுங்கள்.

கரி? ருசிக்குக் கரியை அடிக்க ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேஸைத் திருகினால் அணையும். கரியைத் திடீரென்று அணைக்க முடியாது. நள்ளிரவில் காற்று திரும்பி நங்கூரம் இழுக்கத் தொடங்கினால், கையில் கங்கு நிறைந்த சட்டியோடு என்ன செய்வீர்கள்? கரிதான் வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவின் காப் அடுப்பைப் பாருங்கள். பத்துக் கரிக்கட்டிக்குள் ஒரு சமையல் முடியும், அடிப்பக்கம் சுடாது. அணைந்துவிட்டது என்று நினைத்து அதைக் கேபினுக்குள் மட்டும் எடுத்துப்போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பழக்கங்கள் சில. ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். போன வருடம் இணைப்பில் குமிழ் வந்தது, குழாயை மாற்றினேன். மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைப்பேன், மூடிக்குள் கேஸ் சேர்ந்தால் புருவம் போகும். முடித்ததும் முதலில் டப்பாவை மூடி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை நிற்பேன். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் போர்த்தி அணைக்கத் தீப்போர்வை கைக்கெட்டும் தூரத்தில். பாய் விரித்து ஓடும்போது அடுப்பு கம்பியில் இருக்காது, கழற்றி உள்ளே. நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகே உறை போடுவேன். உப்போடு மூடினால் 316-கூடத் தாங்காது.

கடைசியாக, தாங்கி வாங்கும் முன் உங்கள் கம்பியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 25 மில்லிமீட்டரும் உண்டு, 22-ம் உண்டு, கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் பார்த்துவிட்டு 25 வாங்கிவந்தேன்.