கேள்வி – பதில்: கிராஃபோர்ட்ஸுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: 1935-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ நேஷனல் லீக் பட்டம் வென்ற பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் பேஸ்பால் அணி, 1937 சீசன் தொடக்கத்திலேயே தடுமாறியதாமே? அதற்குள் வீரர்களுக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயதா? ஆளே இல்லை! ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது டொமினிக்கன் குடியரசிலிருந்து சிலர் பெட்டி நிறையப் பணத்தோடு வந்து இறங்கினார்கள். அங்கே சர்வாதிகாரி ட்ருஹீயோ தலைநகருக்கே தன் பெயரை வைத்துக்கொண்டிருந்த காலம், அந்த ஊர் அணி தோற்றால் நன்றாக இருக்குமா? கிராஃபோர்ட்ஸின் நட்சத்திரப் பிட்சர் (பந்தெறிபவர்) சாட்சல் பெய்ஜ் பின்னாளில் சொன்ன கணக்குப்படி, அவருக்கும் அவர் கூட்டிவரும் எட்டுப் பேருக்கும் சேர்த்து 30,000 டாலர். அவர் கிளம்பினார். பின்னாலேயே கூல் பாப்பா பெல், சாம் பேங்க்ஹெட், 1935-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பிட்சர் லெராய் மாட்லாக் என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

இது போதாதென்று, சம்பளத் தகராறில் இருந்த நட்சத்திரக் கேட்சர் ஜாஷ் கிப்சனை அதற்கு முன்பே உரிமையாளர் கஸ் கிரீன்லீ ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்குத் தள்ளிவிட்டிருந்தார். கூடவே இன்னொரு வீரரான ஜூடி ஜான்சனையும் கொடுத்துவிட்டு இவர் வாங்கியது இரண்டு வீரர்களும் 2,500 டாலரும். என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் மிக மோசமான வியாபாரம் அதுதான். மே மாதம் லீக் தொடங்கியபோது மேனேஜர் ஆஸ்கர் சார்ல்ஸ்டனுக்கு வயது நாற்பது, கையில் இருந்த மிச்சசொச்ச ஆட்களை வைத்து அவர் என்னதான் செய்வார்? அணி அட்டவணையின் அடிப்பகுதியிலேயே கிடந்தது.

கேள்வி: பணத்துக்காக இப்படி நடுவழியில் விட்டுவிட்டு ஓடியது துரோகம் இல்லையா?

பதில்: கிரீன்லீயும் அப்படித்தான் கொதித்தார், லீக் தலைவரும் அவரேதான் என்பதால் ஓடிப்போனவர்களுக்குத் தடையும் வந்தது. ஆனால் 1932-ல் பக்கத்து அணியான கிரேஸிலிருந்து கிப்சனையும் சார்ல்ஸ்டனையும் கூடுதல் காசைக் காட்டி இழுத்து வந்தது யார்? இதே கிரீன்லீ! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

வீரர்கள் பக்கமும் பாருங்கள். வெள்ளையர்களின் மேஜர் லீக் கதவு 1947-ல் ஜாக்கி ராபின்சன் உள்ளே போகும்வரை மூடித்தான் கிடந்தது. வாடகைக்கு எடுத்து ஆடும் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் கறுப்பின வீரர்களை உடைமாற்றும் அறைக்குள்கூட விடமாட்டார்கள், அந்த எரிச்சலில்தான் கிரீன்லீ சொந்த மைதானமே கட்டினார் (அதை நான் மறுக்கவில்லை, அது பெரிய காரியம்தான்). அப்படி இருக்கும்போது வேறொரு நாடு சில வாரங்களுக்குக் கைநிறையக் கொடுத்துக் கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்கள்? தடையும் நிற்கவில்லை. டொமினிக்கனுக்குப் போய் ஆடிவிட்டு வந்த கிப்சன், அதே கோடையில் கிரேஸுக்காக மட்டையைப் பிடித்தார், கிரேஸ்தான் அந்த வருடச் சாம்பியன். கிராஃபோர்ட்ஸ் மட்டும் எழுந்திருக்கவே இல்லை, 1938-ல் கிரீன்லீ கட்டிய அந்த மைதானத்தையே இடித்துவிட்டார்கள்.

கேள்வி: கிப்சனுக்குப் பதிலாக வந்த கேட்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார் என்கிறார்களே, கதைதானே?

பதில்: நிஜம்தான். பெப்பர் பேசட். கேட்சர் என்றால் பேட்டருக்குப் பின்னால் முட்டி மடக்கிக் குந்தியிருக்க வேண்டியவர், இவர் அந்த இடத்தில் ஆடும் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்துகொள்வார், ஓடுகிறவர்களை அதில் இருந்தபடியே பந்தெறிந்து அவுட்டாக்கவும் பார்ப்பார். கூட்டம் சேர்க்கச் செய்த வித்தை, எல்லா ஆட்டத்திலும் கிடையாது. அப்புறம், ஆளைக் கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள், அதே 1937-ல் கறுப்பின பேஸ்பாலின் சிறந்த வீரர்கள் மோதும் ஈஸ்ட்-வெஸ்ட் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர் அவர்.