நாலு வாக்கியத்துக்கு மேல் ஜெபம் வரவில்லை

(இந்த மாதக் கேள்விகள் பேராக், சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களிடமிருந்து)

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, வீட்டுக்காரரைத் தோட்டத்துக்கு அனுப்பவே நேரம் சரியாக இருக்கிறது. ராத்திரி முழங்கால் போட்டால் தூக்கம் சுழற்றுகிறது. சபையில் தினமும் அரைமணி நேரம் ஜெபிக்கச் சொல்கிறார்கள். எனக்கோ நாலு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. இது ஜெபமா?

பதில்: ஜெபம்தான். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. கடலில் அமிழ்ந்துபோன பேதுரு சொன்னது மூன்றே சொல்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." ஆலயத்தில் ஒதுங்கி நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், அதைவிட ஒரு சொல் கூடுதலாகச் சொன்னான்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

தூக்கத்தோடு மல்லுக்கட்டாமல் ஜெபத்தைக் காலைக்கு மாற்றுங்கள். தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் ஐந்து நிமிடம் போதும். நின்றபடி, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கலாம். கைப்பேசியை மட்டும் தொடாதீர்கள். வசனம் பார்க்கத்தான் எடுப்பீர்கள், வாட்ஸ்அப்பில் போய் நிற்பீர்கள். முந்தின இரவே ஒரு வசனத்தைத் துண்டுத்தாளில் எழுதி மைலோ டின்னில் ஒட்டிவிடுங்கள்.

அந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535-இல், தமக்கு முடிவெட்டும் பீட்டர் என்பவருக்காக ஒரு முறையை எழுதிக் கொடுத்தார். வசனத்தை நாலு இழையாகப் பிரி: இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். சங்கீதம் 23-இன் முதல் வசனத்தை எடுத்துக்கொள்வோம்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." அதை வைத்து இப்படி ஜெபிக்கலாம்: "என்னைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள். நேற்று அவ்வளவு மழையிலும் அவர் மோட்டாரில் பத்திரமாக வீடு வந்தார், நன்றி. காசு பற்றாத கோபத்தைச் சின்னவன் மேல் காட்டிவிட்டேன், மன்னியுங்கள். இன்றைக்கு ஸ்கூல் பஸ் காசுக்கு ஒரு வழி காட்டுங்கள்." எண்ணிப் பாருங்கள், உங்கள் நாலு வாக்கியம்!

அடிக்கடி கெடுவது நாலாவது இழைதான். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று மொத்தமாகக் கேட்டால் மனம் நிற்க இடமில்லாமல் எங்கேயோ போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு பேர், பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பராக்குப் பார்த்துக்கொண்டே கத்தி பிடிக்கும் முடிவெட்டுபவர் வந்தவரின் மூக்கை அறுத்துவிடுவார் என்று லூத்தர் அந்த பீட்டரிடமே சொல்லியிருக்கிறார். பீட்டர் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறோம்.

கேள்வி: வீட்டு ஜெபக் கூட்டத்தில் திடீரென்று "அண்ணன் ஜெபிப்பார்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு "தேவரீர்" பாணியெல்லாம் வராது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பதில்: வேதாகமத் தமிழ் அழகானதுதான். ஆனால் அது வாயில் வராதவர் அதைத் தேடிக்கொண்டிருந்தால் சொல்ல வந்ததே மறந்துபோகும். வீட்டில் அப்பாவிடம் பேசுகிற மாதிரி "நீங்க" என்றே பேசுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

கண்ணை மூடியதும் ஒரு மூச்சு விட்டு, ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானியுங்கள். அதைக் கேளுங்கள், ஆமென் சொல்லுங்கள். நடுவில் சொல் கிடைக்காவிட்டால் சும்மா இருங்கள். அந்த இரண்டு விநாடியை நிரப்பத்தான் பலர் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று காற்புள்ளி போல அவர் பெயரைப் போடுகிறார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பானது. ஜெபம் என்ற பெயரில் ஊர்ச் செய்தி வாசிப்பது. "இந்தத் தங்கச்சியின் மகன் கெட்ட சகவாசத்தில் இருக்கிறானே ஆண்டவரே" என்று பத்துப் பேர் நடுவில் சொன்னால், கூட்டம் முடிந்து பலகாரத் தட்டு சுற்றி வரும்போது அந்தத் தாயால் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்கவில்லை என்றால் "இந்தக் குடும்பத்தோடு இருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். செபமாலையில் ஒரே செபத்தை 53 தடவை சொல்வது, இயேசு வேண்டாம் என்ற வீண்வார்த்தை என்கிறார் அண்டை வீட்டுக்காரர்.

பதில்: கெத்செமனேயில் இயேசுவே அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாம் முறையும் வேண்டினார் (மத்தேயு 26:44). அவர் கண்டித்தது, அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பை. வேகம் கூடி, விரல் மட்டும் மணியில் ஓடுகிறதா? அன்றைக்கு ஒரே ஒரு பத்து மணியை நிதானமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் திருந்த மூன்று வருஷமாக வேண்டுகிறேன். இப்போது கோபம்தான் வருகிறது, ஜெபம் வரவில்லை.

பதில்: கோபத்தையே சொல்லுங்கள். சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. இரண்டுமே வேதாகமத்தில்தான் இருக்கின்றன. வராத ஸ்தோத்திரத்தை இழுத்து வரவழைக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் கிளினிக்குக்கும் போங்கள், அது விசுவாசக் குறைவல்ல. தனியாக இருக்கும்போது 13-ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அன்றைக்கு அதோடு எழுந்துவிடலாம்.