ஹீத்லாண்ட் கோல்ஃப்: பெயரைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ஆகஸ்ட் மாதம் என் தம்பி வருகிறான். இருவரும் ஒரு ஹீத்லாண்ட் (மணற்பாங்கான புதர்நில) கோல்ஃப் மைதானத்தில் ஆட வேண்டும் என்று ஆசை. சன்னிங்டேல் ஓல்டு மைதானத்தின் கட்டணத்தைப் பார்த்ததும் தயங்கி நிற்கிறோம். அதே ஆட்டம் குறைந்த செலவில் கிடைக்குமா? எங்களிடம் கார் இல்லை.

பதில்: கிடைக்கும். சன்னிங்டேலில் ஒருவர் ஒரு சுற்று ஆட 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. அருமையான மைதானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகையில் பெரும்பங்கு பெயருக்குப் போகிறது. உங்களுக்கு வேண்டிய ஆட்டத்தைத் தருவது தரைக்கு அடியிலுள்ள மணல். அந்த மணல் சர்ரே, ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் பகுதிகளில் பல இடங்களில் கிடக்கிறது.

லண்டனைச் சுற்றியுள்ள களிமண் நிலம் மழை பெய்தால் சேறாகிவிடும். பயிருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட மணற்பாங்கான தரிசிலோ நீர் நிற்காது. தரை இறுகியிருக்கும். விழுந்த பந்து நெடுந்தூரம் உருண்டோடும். 1893-இல் வோக்கிங்கில் இப்படிப்பட்ட நிலத்தில் மைதானம் அமைத்த பிறகுதான், கடற்கரைக்கு வெளியேயும் நல்ல கோல்ஃப் ஆடலாம் என்ற நம்பிக்கை பரவியது.

கார் இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெஸ்ட் ஹில். வாட்டர்லூவில் ரயிலேறி புரூக்வுட்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1909-இல் தொடங்கிய மைதானம். அண்டையிலுள்ள வோக்கிங், வொர்பிள்ஸ்டன் இரண்டோடும் சேர்த்துப் பேசப்படுவது. இது மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சன்னிங்டேலைவிடக் குறைவு. இன்னும் சிக்கனம் வேண்டுமானால், வாட்டர்லூ-போர்ட்ஸ்மத் ரயில் பாதையிலுள்ள லிப்ஹூக். 1922-இல் ஆர்தர் குரூம் வடிவமைத்தது. நிலத்தை வெட்டிக் கொத்தாமல், கிடந்த மேடு பள்ளத்தை அப்படியே பயன்படுத்தியிருக்கிறார். வீண் ஆடம்பரம் எதுவும் கண்ணில் படாது. புகழ்பெற்ற மைதான வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் வரைந்த பிளாக்மூரும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்டைத்தான் சொல்வேன். கிழக்கு சசெக்ஸில் 1888-இல் தொடங்கிய கிளப். இங்குள்ள ஓல்டு மைதானத்தில் ஒரு பங்கர்கூட (மணற்குழி) கிடையாது. பாதுகாக்கப்பட்ட காட்டு நிலம் என்பதால் விருப்பம்போல் தோண்ட அனுமதி இல்லை. அதனால் ஆட்டம் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஓடை, பள்ளம், சரிவு, இரு பக்கமும் ஹெதர் என்ற குட்டைப் புதர் என்று நிலமே உங்களைச் சோதிக்கும். ஆறாவது குழி மிகக் குறுகிய பார் 3தான் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி). ஆனால் கிரீனை (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) நீரோட்டம் சூழ்ந்திருப்பதால் கை நடுங்கும். ஆகஸ்டில் ஹெதர் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். பார்க்க அழகு, பந்து உள்ளே போனால் வேதனை. அதன் தண்டு கம்பிபோல் கோல்ஃப் மட்டையைச் சுற்றிப் பிடிக்கும். தூரத்தை மறந்து, வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) எடுத்து ஃபேர்வேக்கு (வெட்டிய புல்பாதை) திருப்பிவிடச் சொல்லுங்கள் உங்கள் தம்பியிடம். விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை ரயில், பிறகு சிறிது தூரம் டாக்ஸி.

கடற்காற்றும் வேண்டுமென்றால் சஃபோக்கிலுள்ள ஆல்டிபர்க். பார் 68, பார் 5 ஒன்றுமே இல்லை. மதிப்பெண் அட்டையைப் பார்த்துச் சின்ன மைதானம் என்று நினைப்பவர்களை அதன் நீண்ட பார் 4கள் களைக்க வைத்துவிடும்.

எங்கு போனாலும் வார நாளில், மாலைக் கட்டணத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆகஸ்டில் எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் கணக்கு) சான்று கேட்பார்களா, மட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் கட்டணத்தைப் பெரிதும் குறைக்கிறார்களே, நம்பிப் போகலாமா?

பதில்: மணல் நிலமென்றால் தாராளமாகப் போகலாம். களிமண் மைதானங்கள் மூடிக் கிடக்கும் நாளிலும் இங்கே ஆடலாம். உறைபனி நாளில் மட்டும் தற்காலிக கிரீனில் ஆடச் சொல்வார்கள். அன்று காலையில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: முழுக் கட்டணத்தையும் இணையத்தில் கட்டிவிட்டுப் போனோம். கிரீன் முழுதும் துளையிட்டு மணல் தூவியிருந்தார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்தப் பராமரிப்பு புல்லுக்குத் தேவை. அதை முன்கூட்டிச் சொல்லாமல் முழுக் கட்டணம் வாங்கியதுதான் தவறு. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, தேதி குறித்துப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைக்குப் பிரிட்டனில் பொருந்தாது. ஆனால் கிளப் தன் தளத்தில் "கிரீன்கள் முழுத்தரத்தில்" என்பதுபோல் எழுதியிருந்து, நீங்கள் அதை நம்பிப் பணம் கட்டியிருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அந்தச் சொல் அவர்களைக் கட்டுப்படுத்தும். அந்தப் பக்கத்தையும் கிரீனையும் படமெடுத்து இணைத்து, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி கிளப் செயலாளருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் மறுசுற்று ஆட அழைப்பார்கள்; அதுவே நல்ல தீர்வு. மறுத்தால், ஒரு சுற்றின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்கீழ் வங்கியிடம் கோரலாம். டெபிட் கார்டு என்றால் அந்தப் பிரிவு உதவாது. பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் வேண்டுகோள் மட்டும் வைக்கலாம், தாமதிக்காமல்.