வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை

டீச்சரிடம் கேளுங்கள்

சென்ற இதழில், ஓய்வு பெறுவதற்கு முன் பேராக்கில் தாப்பாவுக்கு உட்புறம், தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

*கெப்போங் வாசகி: ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறேன். பேராக்கில், ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவான செமாய் பிள்ளைகள் படிக்கும் ஒரு தேசியப்பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. "அதுகளுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை, பாதி நாள் வராது, வந்தாலும் பேசாது" என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நான் எப்படித் தயாராவது?*

முதலில் வாழ்த்துகள். அந்தப் பேச்சையெல்லாம் கோலாலம்பூரிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

அந்தப் பிள்ளை ஏன் பேசுவதில்லை? வகுப்பில் நடக்கும் மொழி அதன் மொழி இல்லை. செமாய் மொழி மலாயின் கிளைமொழி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதற்கு உறவு கம்போடியாவின் கெமரும் பர்மாவின் மோன் மொழியும்தான். ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளை முதல் நாளே கணக்கையும் மலாயில்தான் கேட்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆறு வருடம் தாய்மொழியில் படிக்கக் கிடைக்கிறது. அதற்கு மேலும் மலாய் தடுமாறினால், இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் தந்தார்கள். என் தலைமுறையில் எத்தனையோ பேர் அந்த வகுப்பில் படித்துத்தான் மேலே வந்தோம். செமாய் பிள்ளைக்கு அப்படி ஒரு வருடம் கிடையாது.

இதை நான் புரிந்துகொண்டது எப்படித் தெரியுமா? முதலாம் ஆண்டு வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவார்கள். "சிக்கு, நாக் கெ தண்டாஸ்" (டீச்சர், கழிப்பறைக்குப் போகணும்) என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது. கேட்கலாம் என்பதும் தெரியாது. வெட்கத்தில் மறுநாள் பள்ளிக்கே வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அது வெறும் 'வரவில்லை'. பள்ளிச் சமையற்கட்டில் வேலை செய்த செமாய் அம்மா ஒருவரைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு தினமும் காலையில் கொஞ்ச நேரம் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னோம். நான் மலாயில் சொன்னதை அவர் செமாயில் சொல்வார். சில வாரங்களில் வகுப்பில் சத்தம் வர ஆரம்பித்தது. கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள், ஒருவன் நான் போட்ட கூட்டல் தப்பு என்றே சொன்னான். நீங்கள் போனதும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். சம்பளம் தர வழியில்லை என்பார்கள். மாவட்டக் கல்வி அலுவலகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுப் பாருங்கள். வேறு எதற்குப் போராடாவிட்டாலும் இதற்குப் போராடுங்கள்.

அப்புறம், பிரம்பு. தொடவே தொடாதீர்கள். செமாய் மக்கள் பிள்ளைகளை அடிப்பதில்லை. ஒருவருக்கு விருப்பமில்லாததைச் செய்யும்படி கட்டாயப்படுத்துவது அவர்கள் மரபில் பெரிய தவறு. மானுடவியலாளர்கள் 1960களிலிருந்தே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் "அடிச்சாத்தான் படிப்பான்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளையோ வீட்டில் ஓர் அதட்டலைக்கூடக் கேட்காமல் வளர்ந்தது. நீங்கள் குரலை உயர்த்தினால் எதிர்த்துப் பேசாது, அழாது, எழுந்து வீட்டுக்குப் போய்விடும். "போக மாட்டேன்" என்ற பிள்ளையைத் தாயும் மறுநாள் இழுத்து வரமாட்டார். அது அக்கறையின்மை இல்லை.

டுரியான், பெத்தாய் காய்க்கும் பருவத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போவார்கள். அது அவர்களுக்கு வருமானம். அந்த வாரங்களில் புதுப் பாடம் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

*செலாயாங் வாசகர்: விடுதி, சாப்பாடு, சீருடை என்று அரசாங்கம் எல்லாம் கொடுக்கிறதே. பிறகும் ஏன் இடையில் நின்றுவிடுகிறார்கள்?*

கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் முதலில் சொன்ன விடுதியிலேயே சிக்கல் இருக்கிறது. கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்து ஓராங் அஸ்லி குடியிருப்பான போஸ் தோஹோய் உங்களுக்கு நினைவிருக்கும். 2015 ஆகஸ்டில் ஏழு பிள்ளைகள், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்குமோ என்ற பயத்தில் விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து இருவரைத்தான் உயிரோடு மீட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாய்க்கு ஏழு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப மனசு வரும்? உங்கள் பேத்தியை அனுப்புவீர்களா?

அதிகம் பேர் நிற்பது ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் நடுவில். கிராமத்துப் பள்ளி முடிந்தது, இடைநிலைப்பள்ளி தூரத்துப் பட்டணத்தில். அங்கே ஒரு வகுப்பில் இவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். கேலி வேறு. வண்டி வராத நாளில் பள்ளியும் இல்லை. முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் படிவம் வரை ஒரே வளாகத்தில் படிக்கும் 'கே9' பள்ளிகளை அமைச்சு கொண்டுவந்தது இதனால்தான். நல்ல ஏற்பாடு அது. இன்னும் நிறைய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு 'கெடாப்' என்ற முதியோர் வகுப்பும் உண்டு. தாய் படிக்க உட்கார்ந்தால் பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காரும்.

*பட்டர்வொர்த் வாசகர்: தமிழ்ப்பள்ளிகளுக்கே ஆயிரம் பிரச்சினை. நாம் ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?*

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஐயா. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர்க்காரர் நீங்கள். அந்த 200 வருடத்தில் தாய்மொழிக் கல்விக்காக நாம் எவ்வளவு கத்தியிருக்கிறோம்! அதனால்தான் இந்த விஷயம் மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் புரிய வேண்டும் என்கிறேன்.

1996 கல்விச் சட்டத்தைப் பாருங்கள். தேசியப்பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 பேர் கணக்குதான். ஆனால் அங்கே, நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால் ஏற்பாடு செய்யலாம் என்று நின்றுவிடுகிறது. நமக்குக் கட்டாயம், அவர்களுக்கு 'செய்யலாம்'. செமாய் மொழியைச் சில பள்ளிகளில் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். மற்ற மொழிகள் பெரும்பாலும் காத்திருக்கின்றன. தீபகற்பத்தில் ஓராங் அஸ்லி 18 பிரிவினர், மொத்தமே சுமார் 2 லட்சம் பேர். அவர்கள் குரல் நாடாளுமன்றம் வரை எட்டுவது கடினம். நம் சங்கங்கள் தங்கள் மனுவில் இதற்கும் ஒரு பத்தி சேர்த்தால், நமக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு காசும் குறையாது.

*அம்பாங் மாணவி: படித்துப் பெரிய நிலைக்கு வந்த ஓராங் அஸ்லி யாராவது இருக்கிறார்களா?*

இருக்கிறார்கள், அம்மா. செமாய் இனத்தைச் சேர்ந்த ஜூலி எடோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியராக இருந்தார், பிறகு ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். போலீஸ் அதிகாரியாக இருந்த ரம்லி முகமட் நோர் 2019-இல் கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்று, ஓராங் அஸ்லி சமூகத்தின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார். பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளித் திட்டப்பணிக்கு உதவும்.

*செந்தூல் இளைஞர் மன்றம்: தீபாவளிக்கு முன் ஓராங் அஸ்லி கிராமம் ஒன்றுக்குப் போய்ப் பள்ளிப் பையும் நோட்டுப் புத்தகமும் கொடுக்க நினைக்கிறோம். எங்கே போகலாம்?*

தூரம் போக வேண்டாம். கோம்பாக் 12-ஆம் மைலிலும், டாமன்சாரா பெர்டானா அடுக்குமாடிகளுக்கு நடுவிலும்கூட ஓராங் அஸ்லி குடியிருப்புகள் உண்டு. டாமன்சாரா பெர்டானாவில் இருப்பவர்கள் தெமுவான் பிரிவினர். அவர்கள் பேச்சு மலாய்க்கு நெருக்கமானது. அதனால் செமாய் பிள்ளைகளுக்கு இருக்கும் மொழிச் சிக்கல் இவர்களுக்கு அவ்வளவு இல்லை.

ஒருநாள் போய்ப் பை கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவதாக இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பொருள் வாங்கும் படம் முகநூலில் சுற்றுவதை அந்தத் தாய்மாரும் பார்க்கிறார்கள். முதலில் ஜாக்கோவாவுக்குத் தெரிவியுங்கள். பிறகு இரண்டு பேர் மட்டும் போய்க் கிராமத் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து, என்ன தேவை என்று கேளுங்கள். வாரம் ஒருநாள், ஒரே ஆட்கள், எஸ்பிஎம் தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் என்று ஒரு வருடம் ஒப்புக்கொள்ள முடிந்தால் நல்லது. உங்கள் மன்றத்தில் வேனும் ஓட்டுநரும் இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். பல கிராமங்களில் முதலில் கேட்பது அதைத்தான்.