மரத்துப்போன காலுக்கு மனவலிமை தெரியாது

அன்புள்ள ஐயா,

ஈப்ர போர்முனை பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். இரண்டு கேள்விகள். முதல் உலகப்போரில் அதிகம் பேரைக் கொன்றது விஷவாயுதானா? பதுங்குகுழிச் சேற்றில் அவ்வளவு காலம் நின்று தாக்குப்பிடித்தது மனவலிமையால்தானே? என் மகனுக்கு 19 வயது. ஒரு ராத்திரி கரண்ட் போனால் சுருண்டுவிடுகிறான். அவனிடம் சொல்ல ஒரு வீரக்கதை எழுதுங்களேன்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

விஷவாயு இல்லை. பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில் அதிகம் பேரைச் சாய்த்தது பீரங்கிதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இரண்டாவது கேள்விக்காகத்தான் உடனே எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈப்ர இருக்கும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி தாழ்வான பூமி. இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். 1914 குளிர்காலத்தில் சிப்பாய்கள் அந்தத் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றார்கள். செப்டம்பர் கடைசியில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மெல்லிய காக்கி உடையோடு இறங்கிய இந்தியச் சிப்பாய்களும் அந்தச் சேற்றில் இருந்தார்கள். பூட்ஸைக் கழற்ற வழியில்லை. கெண்டைக்காலில் சுற்றிய துணிப்பட்டி நனைந்து இறுகும். முதலில் கால் மரத்துப்போகும், அதனால் வலிக்காது. உள்ளேயே வீங்கி, வெளிறி, நீலம் பாரிக்கும். கழற்றினால் பூட்ஸைத் திரும்ப மாட்ட முடியாது. கதகதப்பான இடத்துக்கு வந்து ரத்தம் ஓடத் தொடங்கும்போதுதான் வலி உயிரை எடுக்கும். போர்வை உரசினாலே தாங்காது. அப்புறம் கொப்புளம், அழுகல். சிலருக்கு விரல் போனது, சிலருக்குக் காலே போனது. தண்ணீர் உறையக்கூட வேண்டாம், ஈரமும் குளிரும் போதும். 'ட்ரெஞ்ச் ஃபுட்' (பதுங்குகுழிக் கால்) என்ற இந்த நோயால் அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் படுத்தார்கள்.

இதில் மனவலிமைக்கு என்ன வேலை, சொல்லுங்கள்?

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கடைசி வருடங்களில் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச் அடித்து அவர் விரலிடுக்குகளைப் பார்ப்பது என் வேலை. காலை இழுத்துக்கொள்வார். "எனக்கு ஒன்றும் இல்லை, விடுடா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் சுண்டுவிரலுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. தைரியத்துக்குப் பேர்போன மனிதர் அவர். அந்தத் தைரியம் அந்தப் புண்ணைக் கண்டுபிடிக்கவில்லை, இன்னொருவர் கண் வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் ராணுவமும் அந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. சிப்பாய்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் பாதத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினார்கள். ஈரத்தைத் துடைத்து, திமிங்கல எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் மாட்டிவிட வேண்டும். சாப்பாடு வரும்போது காய்ந்த சாக்ஸும் முன்வரிசைக்கு வந்தது, ஈரமானது பின்னால் போனது. காலடியில் மரச்சட்டங்கள் போட்டார்கள். ஈரக்காலத்தில் சீக்கிரமே ஆள் மாற்றினார்கள். ஒரு பட்டாலியனில் கால் நோய் கூடினால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். நோயும் குறைந்தது. எண்ணெய், சாக்ஸ், பலகை, முறை மாற்றம், பொறுப்பு. இதில் எதை மனவலிமைக் கணக்கில் எழுதுவீர்கள்?

எனக்குக் கோபம் வருவது ஏன் தெரியுமா? எல்லாமே மனவலிமை என்று சொல்லிவிட்டால், விழுந்தவன் கோழை என்றாகிவிடுகிறது. அது நடந்தும் இருக்கிறது. ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காக 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் தானே சுட்டுக் கொன்றது. ஓயாத குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிப்போனவர்களும் அதில் இருந்தார்கள். 2006இல்தான் மன்னிப்பு வந்தது. உங்கள் வீரக்கதையில் இவர்களை எங்கே வைப்பது?

உங்கள் பையனை விட்டுவிடுங்கள் ஆர். அந்தக் குழிகளில் நின்றவர்களில் பலர் அவன் வயதுக்காரர்கள்தான். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த சிறுவர்களும் உண்டு. அவர்களும் புலம்பினார்கள். சாக்ஸ் அனுப்பு, பேன் மருந்து அனுப்பு என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டார்கள். அம்மாக்கள் பின்னி அனுப்பினார்கள். "அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் தெரியுமா" என்று யாரும் பதில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கேட்ட வீரக்கதை என்னிடம் இல்லை. சரி, உங்கள் பையனுக்கு இந்தப் போரைப் பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கண்டிப்பாகப் பதில் போடுகிறேன்.

அன்புடன்