இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேப்பிலை கிருமியைக் கொல்வதே அதற்குள் வாழும் பூஞ்சையால்தான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
– வாசகி, தென்காசி

பதில்: அப்படிச் சொல்வது மிகை. வேம்பின் பெயர்பெற்ற பூச்சிவிரட்டிப் பொருளான அசாடிராக்டினை மரமே தயாரிக்கிறது. அதே மரத்தின் திசுக்களுக்குள், நோய் அறிகுறி எதுவும் காட்டாமல் பூஞ்சைகள் வாழ்வதும் நிஜம்தான். இவற்றை அகவாழ் பூஞ்சைகள் என்கிறோம். வேம்பிலிருந்து பிரித்த குளோரிடியம் என்ற பூஞ்சை ஜாவானிசின் என்ற பொருளைச் சுரப்பதாகவும், அது சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தடுப்பதாகவும் 2009-இல் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது குடுவையில் ஊட்டம் கொடுத்து வளர்த்த பூஞ்சை. இலைக்குள் இருப்பதோ செல்களுக்கு இடையே ஓடும் சில நுண்ணிழைகள். வேப்பிலையை அரைத்துக் குடித்தால் அந்தப் பொருள் மருந்தளவில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மரம் செய்யும் மருந்தையே பூஞ்சையும் செய்யும் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: 1993-இல் அமெரிக்காவின் மொன்டானா ஆய்வாளர்கள், பசிபிக் யூ மரத்திலிருந்து எடுத்த டாக்ஸோமைசஸ் என்ற பூஞ்சை டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்தைத் தயாரிப்பதாக அறிவித்தார்கள். கிடைத்த அளவு லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. பிறகு 2013-இல் இத்தகைய பூஞ்சைகளின் மரபணுத் தொகுப்பை அலசியவர்களுக்கு, டாக்ஸாலைத் தானாகச் செய்வதற்கான மரபணுக்கள் அகப்படவில்லை. மரத்தின் மருந்தைப் பூஞ்சையிடம் தேடுவதைவிட, பூஞ்சைக்கே உரிய பொருளைத் தேடுவது பலன் தரும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக இலைத் துண்டுகளை அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழில்) வைக்கிறேன். மூன்றாம் நாளே தட்டு முழுக்கப் பச்சையாகப் பரவிவிடுகிறது. எங்கே தவறு?
– மாணவி, திருச்சி

பதில்: பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில். பச்சை என்றால் டிரைக்கோடெர்மா, பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இவை இலைத்தூசியிலும் ஆய்வகக் காற்றிலும் எப்போதும் உண்டு.

புள்ளியோ பூச்சிக்கடியோ இல்லாத முதிர்ந்த இலையைப் பறித்து 24 மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். ஓடும் குழாய்நீரில் நன்றாகக் கழுவி, அரை செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். 70% எத்தனாலில் 5 விநாடி, 4% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 விநாடி, கிருமி நீக்கிய நீரில் 10 விநாடி முக்கி எடுங்கள். சென்னை விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தார் நம் காட்டு மரங்களில் கையாண்ட கணக்கு இது. மெல்லிய இலைக்கு 90 விநாடி அதிகமாகிவிடும். உள்ளே இருக்கும் பூஞ்சையும் செத்துவிடும். தடித்த, மெழுகு படிந்த இலைக்குப் போதாமலும் போகலாம். எனவே 30, 60, 90, 120 விநாடிகள் என்று உங்கள் இலைக்கே சோதித்து நேரத்தை முடிவு செய்யுங்கள். ஹைப்போகுளோரைட் புட்டி திறந்து எத்தனை மாதமாயிற்று என்றும் பாருங்கள். பழசானால் குளோரின் போய்விடும். பிறகு வெறும் உப்புத் தண்ணீர்தான்.

சுத்திகரிப்பு பலித்ததா என்று அறிய எளிய வழி உண்டு. துண்டை வேறொரு அகார் தட்டில் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தட்டையும் வளர்ப்பில் வையுங்கள். அச்சுப் பதிந்த இடத்தில் ஏதாவது முளைத்தால் அந்தத் தொகுதியை முழுவதும் ஒதுக்குங்கள். இதைச் செய்யாத ஆய்வறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

வளர்ப்பு ஊடகம் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார். பாக்டீரியாவை அடக்க லிட்டருக்கு 150 மி.கி. குளோராம்ஃபெனிகால். 26 பாகை செல்சியஸில் 3 அல்லது 4 வாரம் பொறுங்கள். சில பூஞ்சைகள் மூன்றாம் வாரத்தில்தான் தலைகாட்டும். ஒரு வாரத்தில் தட்டைக் கழுவி வைப்பவர்களுக்கு அவை கிடைப்பதே இல்லை. வெட்டிய விளிம்பிலிருந்து இழை நீளும்போதே அதன் நுனியைக் கிள்ளிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பூஞ்சை ஸ்டெபிலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிராக 22 மி.மீ. தடுப்பு வளையம் (பாக்டீரியா வளராத வட்டம்) காட்டியது. புது ஆன்டிபயாடிக் என்று காப்புரிமை கேட்கலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: அவசரம் வேண்டாம். முதலில், பூஞ்சையோடு வெட்டி வைத்த அகார் வில்லையில் குளோராம்ஃபெனிகால் இருந்ததா? பிரித்தெடுக்கப் போட்ட மருந்தே வளையம் காட்டி ஏமாற்றுவது உண்டு. மருந்தில்லாத ஊடகத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றி வளர்த்த பிறகே சோதியுங்கள். பக்கத்திலேயே பூஞ்சை வளர்க்காத அதே ஊடகத்தின் வில்லையும் இருக்கட்டும்.

சாறு எடுத்துச் சோதித்திருந்தால் சந்தேகம் வேறு. வளர்ப்புத் திரவத்தைச் சம அளவு எத்தில் அசிடேட்டால் மூன்று முறை பிரித்து, 40 பாகையில் குறைந்த அழுத்தத்தில் உலர்த்துவது வழக்கம். கரைப்பான் மிச்சமிருந்தால் அதுவும் பாக்டீரியாவைத் தடுக்கும். பூஞ்சை வெளியிடும் சாதாரண அமிலமும் அதையே செய்யும், பி.எச். அளந்து பாருங்கள். வெறும் ஊடகத்தையும் அதே முறையில் பிரித்து, சாற்றைக் கரைத்த அதே டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்து ஒப்பிடுங்கள்.

வளையத்தின் அகலம் ஆற்றலைச் சொல்லாது. சிறிய மூலக்கூறு அகாரில் வேகமாகப் பரவி அகன்ற வளையம் தரும், அவ்வளவுதான். குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவை, அளந்தால்தான் பேச முடியும். பிறகு மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலை அளவி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) மூலம், ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று பாருங்கள். பெரும்பாலான உற்சாகம் இந்தக் கட்டத்தில்தான் வடியும். புதிதே என்றாலும் மனித ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறதா என்ற சோதனை பாக்கி. எல்லாவற்றையும் கொல்வது மருந்தல்ல, நஞ்சு. காப்புரிமைப் பேச்சு அதற்கப்புறம். அப்போது தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து அதே பூஞ்சை வளையமே காட்டவில்லை. ஏன்?
– அதே மாணவர்

பதில்: தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தீர்கள் அல்லவா? செடியின் தூண்டலும் போட்டி நுண்ணுயிரும் இல்லாத சொகுசில், அந்தப் பொருளைச் செய்யும் மரபணுத் தொகுதி ஓய்ந்துவிடலாம். ஊடகத்தை மாற்றுங்கள், வேகவைத்த அரிசியில் வளர்த்துப் பாருங்கள், இன்னொரு நுண்ணுயிரோடு சேர்த்து வளர்த்தும் பார்க்கலாம். இனிமேலாவது, பிரித்த முதல் வாரமே 15–20% கிளிசராலில் மைனஸ் 80 பாகையில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: இந்த வழியில் உண்மையில் மருந்து ஏதாவது கடைக்கு வந்திருக்கிறதா?
– வாசகர், கோவை

பதில்: வந்திருக்கிறது. ஜூனிப்பர் இலைகளில் வாழும் ஹார்மோனிமா என்ற பூஞ்சையிலிருந்து என்ஃபியூமாஃபங்கின் கிடைத்தது. அதை வேதிமுறையில் மாற்றிச் செய்த இப்ரெக்ஸாஃபங்கெர்ப்புக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெண்ணுறுப்பில் வரும் கேண்டிடா தொற்றுக்கான மாத்திரை அது, பாக்டீரியாவுக்கானது அல்ல.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டலாமா?
– ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: இலையிலிருந்து பூஞ்சை வளர்வதைக் காட்டுவது வரை செய்யலாம். தட்டுகளைச் சுற்றிலும் ஒட்டி மூடி, திறக்காமலே காட்டுங்கள். ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகள் பக்கமே போக வேண்டாம். முடிந்ததும் பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் அரை மணி நேரம் வேகவைத்துவிட்டுத்தான் தட்டில் உள்ளதைக் கொட்ட வேண்டும். அந்தக் குக்கர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. பிளாஸ்டிக் தட்டுகள் உருகிவிடும் என்பதால், வெப்பம் தாங்கும் பையில் கட்டி வையுங்கள்.