உறுதி பிறகு வருமாம், காசு மட்டும் இப்பவாம்!

(காணி, வீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், கொழும்பில் ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) கந்தோரில் நெடுங்காலம் கிளார்க்காக இருந்துவிட்டு இப்போது உருத்திரபுரத்தில் வசிக்கும் அக்கா.)

அக்கா, மகளுக்குக் கொழும்பில் வங்கி வேலை கிடைத்திருக்கிறது. வாடகைக்குக் காசை இறைக்காமல் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்குங்கள் என்று புரோக்கர் ஒருவர் விடாமல் நிற்கிறார். கட்டிடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உறுதி (சொத்துப் பத்திரம்) மட்டும் ஆறு மாதத்தில் வருமாம். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலைக் கொடுத்து முற்பணம் கட்டலாமா?
– ஒரு தாய், வட்டக்கச்சி

தங்கச்சி, வயல் உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியா என்று நீங்கள் எழுதவில்லை. வட்டக்கச்சி என்றபடியால் பெர்மிட் என்றே வைத்துக்கொள்கிறேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. சம்மதம் இல்லாத உறுதியை நொத்தாரிசு எழுதவும் கூடாது, பதிவகம் பதியவும் கூடாது. ஆகவே "அற்றோணித் தத்துவத்தில் எழுதித் தாருங்கோ, காரியத்தை நான் பார்க்கிறன்" என்று, உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தைக் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் வயலும் சிக்கும், பிள்ளைக்குப் பின்னுரித்தும் சிக்கும்.

இனி வெள்ளவத்தை. ஆட்கள் குடியிருப்பது எதற்கும் அத்தாட்சி அல்ல. தொடர்மாடி வீடு தனிச் சொத்தாவது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின்படி. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே காட்டி நில அளவையாளர் வரைந்த கூட்டு ஆதனப் படம் அங்கீகாரம் பெற்றுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அதுவரை அங்கே இருப்பது கட்டினவரின் பெயரில் ஒரே காணி, ஒரே உறுதி. உங்கள் கையில் தருவது வெறும் உடன்படிக்கை. அந்தக் காணியைக் காட்டிக் கட்டினவர் வங்கியில் கடன் எடுத்திருந்தால், ஈடு மீளும்வரை நீங்கள் வரிசையில் பின்னால் நிற்கிற ஆள்.

படம் ஏன் பதியப்படவில்லை என்று கேளுங்கள். அனுமதி எடுத்ததைவிட ஒரு மாடி கூடக் கட்டியிருப்பார்கள், வாகனம் விட வேண்டிய இடத்தில் கடை போட்டிருப்பார்கள். அப்படியானால், அனுமதித்தபடியே கட்டியது என்ற இசைவுச் சான்றிதழை மாநகரசபை தராது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மற்றக் காரியங்களும் நகராது. எங்கள் கந்தோருக்கு இந்த "ஆறு மாதம்" என்ற சொல்லோடு வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அலைந்த குடும்பங்கள் இருக்கின்றன.

மகள் வங்கியில்தானே வேலை? நல்லதாய்ப் போயிற்று. தன் கிளையிலேயே போய் இந்த வீட்டை ஈடு வைத்துக் கடன் தருவீர்களா என்று கேட்கட்டும். வங்கியின் சட்டத்தரணி முப்பது வருட உரித்தையாவது பின்னோக்கித் தேடிப் பார்ப்பார். அவர் தலையாட்டாத வீட்டுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கடன் உங்களுக்குத் தேவையே இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை வாடகைக்கு இருக்கட்டும். வாடகை வீண் காசு என்பது புரோக்கரின் பேச்சு. ஒரு மாரி, ஒரு கோடை இருந்து பார்த்தால்தான் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, கரண்ட் போனால் எந்தக் கட்டிடத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று தெரியும். மரைன் டிரைவ் பக்கம் கடல் காற்று நல்லதுதான். ஆனால் அந்த உப்பு ஜன்னல் கம்பியையும் ஏசியையும் தின்றுவிடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணன் கொழும்பில் தன் பெயரில் வீடு வாங்க ஆசைப்படுகிறார். அவருக்கு இப்போது கனடாக் குடியுரிமை மட்டும்தான். முடியுமா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

முடியும், ஆனால் தொடர்மாடி வீடாக இருக்க வேண்டும். நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ என்ற கட்டுப்பாடு 2018 வரை இருந்தது. உறுதி எழுத முன்னமே முழுப் பணமும் வெளிநாட்டுக் காசாக வங்கி வழியே வந்திருக்க வேண்டும். 2018இல் திருத்தப்பட்ட 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அது. வெறுங்காணியோ தனிவீடோ வாங்க முடியாது. அண்ணன் இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தடை அவருக்கு இல்லை. "உன்ரை பெயரில வாங்கு, பிறகு பார்ப்பம்" என்று அவர் சொன்னால் நன்றாக யோசியுங்கள் தம்பி. உங்கள் பெயரில் எழுதினால் சட்டத்தின் கண்ணில் வீடு உங்களுடையது. இதனால் பேச்சுவார்த்தை அறுந்த சகோதரங்களைக் கந்தோர் வாங்கிலில் எதிரெதிரே இருத்திப் பார்த்திருக்கிறேன்.

நான் ஆசிரியை. இடமாற்றத்தில் கொழும்பு போகப் போகிறேன். சிங்களம் தெரியாது. வெள்ளவத்தையை விட்டு வேறெங்கும் போகவேண்டாம் என்று அப்பா சொல்கிறார். சொந்த வீடு இருந்தால்தான் பாதுகாப்பாம்.
– மாங்குளம் வாசகி

அப்பாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது என்றாலும், பஸ்ஸில் ஏறினவர்களுக்கு அந்த ஒரு நாள் போதும். ஆனால் உறுதி இருந்தால் பாதுகாப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். 83 கலவரத்தில் எரிந்த தமிழர் வீடுகளுக்கும் உறுதி இருந்தது. பாதுகாப்புக்காக என்று கடன்பட்டு வீடு வாங்காதீர்கள். இருக்க விருப்பம் என்றால் வாங்குங்கள்.

கொழும்பு மாநகரத்தில் எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கணிசமாக இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் நீங்கள் தமிழிலேயே மரக்கறி வாங்கி, தமிழிலேயே மருந்து வாங்கி, இரவு கிளிநொச்சி பஸ் ஏறி வரலாம். அதற்கான விலையைத்தான் வாடகையில் கொடுக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலும் தமிழ் கேட்கும், ஒழுங்கைகள் நெருக்கம். வத்தளையில் அதே காசுக்கு இன்னொரு அறை கிடைக்கலாம், ஆனால் காலையில் பாலம் தாண்டி நகரத்துக்குள் வருவது பெரும்பாடு. பள்ளிக்கூடம் எங்கே என்று தெரிந்தபிறகு வீடு பாருங்கள். காலி வீதியில் என்றால் 100ஆம், 101ஆம் இலக்க பஸ் போகிற பாதையில் தெகிவளை, கல்கிசையையும் விட்டுவிட வேண்டாம்.

சிங்களம் படியுங்கள். அரச உத்தியோகத்துக்கு எப்படியும் தேவை. அதோடு, தொடர்மாடியில் தண்ணீர் ராங்கி கழுவுவது யார், லிஃப்ட் திருத்தக் காசு எவ்வளவு என்பதெல்லாம் வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் முடிவாகும். பேச்சு விளங்காத ஆள் கடைசியில் கையெழுத்து மட்டும் வைப்பார். கொழும்பில் நான் இருந்த மாடியில் கீழ்வீட்டு சிங்கள அம்மாவும் நானும் ஆளுக்கு அரைகுறை மொழியில் சேர்ந்துதான் மோட்டர் காசுக் கணக்கைக் கேட்டு வாங்கினோம்.

மகனைக் கொழும்பில் நல்ல தேசிய பாடசாலையில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்க இப்போது வீடு வாங்கினால் அடுத்த வருடம் இடம் கிடைக்குமா?
– மல்லாவி வாசகர்

கிடைப்பது கஷ்டம். உறுதிக்குப் புள்ளி உண்டு, ஆனால் வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் ஐந்து வருடப் பெயரையும் பார்ப்பார்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி கழியும்.

கணவர் கத்தாரில். வீட்டை என் பெயரில் வாங்க அவருடைய கையெழுத்து வேண்டுமா?
– வவுனியா வாசகி

வாங்குவதற்குத் தேவையில்லை. நீங்கள் தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்டவர் என்றால் விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அவர் லீவில் வரும்போது இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பரப்பு வளவில் கிணறும் மாமரமுமாக இருக்கிறவன் நான். மகன் வாங்கப்போகிற தொடர்மாடி வீட்டுக்கு நிலமே இல்லையாமே? பிறகு எதை வாங்குகிறான்?
– ஒரு தகப்பன், அக்கராயன்

ஐயா, நிலம் உண்டு, ஆனால் பிரிக்க முடியாத பங்காக. படி, கூரை, லிஃப்ட், வெளி மதில் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு, எதுவும் தனியாக அவருடையது இல்லை. ஆகையால் வீட்டைப் பார்க்க முன் வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து கட்டிடத்தைப் பராமரிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாந்தப் பணத்தை எத்தனை வீட்டார் கட்டாமல் இருக்கிறார்கள், லிஃப்ட் மாற்ற வேண்டி வந்தால் சேமிப்பில் காசு இருக்கிறதா என்று அதில் தெரியும். விற்கிறவரிடம் நிலுவை இல்லை என்ற கடிதமும் வாங்க வேண்டும். மாமரம் வைக்க இடம் கிடைக்காது, பால்கனியில் கறிவேப்பிலை வரும்.

வீட்டு விலைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?
– பரந்தன் வாசகர்

முதலில் முத்திரைத் தீர்வை. முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. இரண்டு கோடி ரூபாய் வீடு என்றால் 7,99,000 ரூபாய். வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். நொத்தாரிசின் கூலி, பதிவகத் தேடல், பதிவுக் கட்டணம் இதற்கு மேலே. நொத்தாரிசை நீங்களே பிடியுங்கள், புரோக்கர் கொண்டுவருகிறவர் வேண்டாம்.